யாருடைய எட்டு

ஜூன் மாதத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும்.
கடல்மூட்டம்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது,
பதினெட்டாம் புல்திட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு.
அதற்குள் ஒரு முயல். காது மட்டும்.

வண்டியில் வெட்டுருளை, வாளி, வெள்ளைச் சாயம், பழைய கத்தி,
செயலாளர் கையெழுத்திட்ட காகிதம்:
முன்விளிம்பிலிருந்து பதினேழு எட்டு.
இடப்பக்கமிருந்து நான்கு எட்டு.

எட்டு என்றால் யாருடைய எட்டு என்று
காகிதத்தில் இல்லை.

மேஜர் ஓகில்வி ஆறடி மூன்று அங்குலம்.
அவர் காலை எட்டி வைத்தால்
இடையில் ஒரு ஆட்டுக்குட்டி நுழைந்து போகலாம்.
நான் செங்கா மெக்ரே. ஐந்தடி, பூட்ஸோடு.
ஹெர்ரிங் பீப்பாய்களுக்கு நடுவே நின்ற
என் அம்மாவின் கால்கள் எனக்கு.

பதினொரு வருடமாக கார்வனஸ் கிளப்பில் குழி வெட்டுகிறேன்.
இங்கே உறுப்பினராக வேண்டுமென்றால்
யாராவது ஒருவர் சாக வேண்டும்,
மிச்சமிருப்பவர்களில் இருவர் முன்மொழிய வேண்டும்.
பெண்ணென்றால் சாவும் போதாது.
போன வருடம் ஓட்டெடுத்தார்கள்;
ஒன்பது ஓட்டில் போயிற்று.
மறுநாள் ஒன்பதாம் குழியை
வழக்கத்தைவிடச் சற்றுச் சுத்தமாகவே வெட்டினேன்.
முன்வாசலின் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்திருக்கிறேன்,
பிடித்ததில்லை.
என் சம்பளக் கவர் சமையலறை வழியாக வருகிறது,
சில வாரம் வெண்ணெய்க் கறையோடு.

உருளையை அழுத்தித் திருகினால்
மண் ஒரு கணம் பிடிவாதம் பிடிக்கும்.
அப்புறம் கொடுத்துவிடும்.
மேலே புல், கீழே இரண்டு விரற்கடை வேர்,
அதற்கும் கீழே மணல், மணலுக்குள் சிப்பித் துண்டு.
யாரும் முன்மொழியாமலே
கடல் இங்கே உறுப்பினராக இருந்திருக்கிறது.

இன்றைய குழியின் மண்ணை
நேற்றைய குழிக்குள் வைக்க வேண்டும்.
மிதித்து, கத்தியால் ஓரம் நிமிர்த்தி, ஒரு குவளைத் தண்ணீர்.
பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன்.
கண் ஏமாறும்.

அன்று சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள்.
பதினேழு எட்டு வைத்தேன். என் எட்டு.
பக்கவாட்டில் நான்கு. அதுவும் என்னுடையது.
மேஜரின் காலுக்கு மேட்டின் மேல் விழ வேண்டிய குழி
என் காலுக்குச் சரிவு தொடங்கும் இடத்தில் விழுந்தது.
நான் தப்பாக ஒன்றும் செய்யவில்லை.
எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.

மாலை ஐந்தரை. கருவிக் கொட்டகை வாசலிலிருந்து பார்க்கிறேன்.
பெல்ஜியத்துப் பையன், யோரிஸ் என்று பெயர்,
ஒரு அடி முன்னிலையில் இருந்தவன்.
முந்தைய புல்திட்டில் அது போனது.
இப்போது ஆறடித் தூரம்; விழுந்தால் இன்னும் ஆட்டம் உண்டு.
பந்து குழிவரை வந்தது,
விளிம்பில் முக்கால் சுற்று சுற்றியது,
மறந்துபோன எதையோ எடுக்கப் போவதுபோல்
சரிவில் இறங்கிப் போய்விட்டது.

கூட்டம் மூச்சுவிட்ட சத்தத்தில்
கடற்காகங்கள் எழுந்தன.

நியூசிலாந்துக்காரனுக்குக் கோப்பை.
தொலைக்காட்சிக்காரர்கள் மேஜரிடம் கேட்டார்கள்.
"அந்த இடத்தை நாங்கள் நெடுநாள் யோசித்தோம்" என்றார்,
"துணிச்சல் தேவைப்பட்டது."
ஃபெர்கஸ் என்னைப் பார்த்தான்.
நான் டீயைப் பார்த்தேன்.

எல்லோரும் போனபின் அந்தப் பையன் திரும்பி வந்தான்.
குழியருகே குந்தினான்.
யாரையும் திட்டவில்லை.
சரிவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான்,
மெதுவாக, நான் செய்வதுபோலவே.
போய்ச் சொல்லியிருக்கலாம்.
என்னவென்று சொல்வது, என் கால் இவ்வளவுதான் என்றா?

திங்கட்கிழமை புதுக் காகிதம்.
பன்னிரண்டு எட்டு, ஆறு எட்டு, அதே கையெழுத்து.
ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன் என்றேன் ஃபெர்கஸிடம்.
அவன் குவளையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
தோற்ற குழிக்குள் ஈரமண்ணை வைத்து
இரண்டு முறை மிதித்தேன்.
தேவைக்கு ஒரு முறை அதிகம்.